இந்த வருஷம் தீபாவளி வேண்டாம் என்று எழுதிய தங்கைக்கு

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. புரட்டாசி பிறந்துவிட்டது, சனிக்கிழமை தவறாமல் தளிகை, அதனால்தான் பதில் தாமதம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நிஜம் அதில்லை. "பிள்ளை வந்தப்புறம் தீபாவளியப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம் அக்கா" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைத் தாண்டி எனக்குப் படிக்கவே ஓடவில்லை. அதே வார்த்தையை நானும் ஒரு வருஷம் கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அம்மா "சரிடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பெயர் போடாமல் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுத நீ சம்மதித்தது நல்லதாயிற்று. தத்துக்குப் பதிந்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிற நம்மவர்கள் இந்தத் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனிலேயே எத்தனையோ பேர்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நீங்கள் இப்போதுதான் படிவம் 30 அனுப்பியிருக்கிறீர்கள். குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர்கள் பட்டியலில் நம் பெயர் இல்லை என்று அது திரும்பி வரவேண்டும். அப்புறம் டாக்டர், போலீஸ், சோஷியல் ஒர்க்கர் வீடு பார்க்க வருவது, நம் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்கிற கேள்விகள். அதெல்லாம் முடிந்தால்தான் தத்தெடுக்கக் காத்திருப்பவர்களின் தேசியப் பதிவேட்டில் நம் பெயர் ஏறும். ஏறினாலும் 3 வருஷத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது போன வருஷம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து டாக்டர், மறுபடி போலீஸ். இதற்குள் எங்கள் வீட்டில் நாலு தீபாவளி போய்விட்டது. நீ தள்ளிவைக்கிறது ஒரு தீபாவளியை என்று நினைக்கிறாய், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பயமுறுத்த அல்ல.

எங்கள் முதல் வருஷமும் உங்களுடையது மாதிரித்தான். நான் இங்கே கல்யாணமாகி வந்தவள், உனக்குத் தெரியும். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மாமியாரோடு இருக்கிறோம். அத்தையைத் தெரு முழுக்க 'ஆயா' என்பார்கள். என் காதுக்கு ஆயா என்றால் பள்ளிக்கூட ஆயா. இங்கே அப்பாவைப் பெற்றவள் ஆயா. வந்த புதிதில் நான் சிரித்திருக்கிறேன். பேரன் பேத்தி இல்லாத ஒருத்தியைத் தெருவே ஆயா என்று கூப்பிடுவதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பிறகு புரிந்தது.

அத்தைக்குத் தமிழ் அங்கங்கே துண்டு துண்டாகத்தான் வரும். ஆனால் பண்டிகை ஒன்று விடமாட்டாள். ஆடியில் மாரியம்மனுக்கு மீலிமீல் என்கிற மக்காச்சோள மாவில் கஞ்சி. புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. தீபாவளிக்கு முன்னால் முன்னோருக்குப் படையல். தீபாவளியன்று பார்சல். பார்சல் என்றால் காகிதத் தட்டில் முறுக்கு, பர்ஃபி, சோமாசி, குல்குலா எல்லாம் அடுக்கி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி வீடு வீடாகக் கொடுப்பது. நம் ஊரிலும் உண்டு என்பாய். உண்டுதான். ஆனால் இங்கே முஸ்லிம் வீடு, சர்ச்சுக்குப் போகிற தமிழ் வீடு, எதிரே இருக்கிற ஜூலு டீச்சர் வீடு என்று எதையும் விடாமல் போகவேண்டும். கண்ணாடித் தட்டில் கொடுத்தால் அது வெறும் தட்டாகத் திரும்பி வராது.

இந்தப் பார்சலுக்கு ஒரு கதை இருக்கிறது. அத்தை சின்னப் பெண்ணாகக் கேட்டோ மேனரில் இருந்தவள். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் இருக்கவேண்டும் என்ற குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அறுபதுகளில் அவர்களைக் கிளப்பி, அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், பக்கத்தில் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்து இறங்கிய முதல் தீபாவளிக்கு அத்தையின் அம்மா எப்போதும்போல முறுக்குச் சுட்டுவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாளாம். பிறகு வரிசையில் முதல் வீட்டிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே போனாளாம். அத்தைதான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவள். "டோர் ஓபன் பண்ணற வரைக்கும் யாருன்னு தெரியாது, கண்ணு" என்பாள்.

நான் இதைப் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது ஒரு தடவைதான்.

அது எங்கள் இரண்டாவது வருஷம். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. இலை போட்டாயிற்று. இவர் சங்கு ஊதுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தார், அத்தை "கோவிந்தா" போட்டுக்கொண்டிருந்தாள், என் கையெல்லாம் வடை மாவு. போன் அடித்தது. பெண் குழந்தை, பிறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது, பெற்றவள் சம்மதம் கொடுத்து 42 நாள் என்று சோஷியல் ஒர்க்கர் சொன்னார். சம்மதம் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பெற்றவர் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அது சட்டம். அந்த 60 நாள் முடியாமல் எங்களுக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம். அவருக்கும் தெரிந்திருக்கும். சந்தோஷத்தில் வாய் தவறியிருக்கலாம். நான் அந்தப் போனை மாவுக் கையோடு பிடித்திருந்தேன். இன்றைக்கும் அந்தப் போன் உறையின் ஓரத்தில் உளுந்து காய்ந்து ஒட்டியிருக்கிறது. சுரண்டவில்லை.

15 நாள் கழித்து மறுபடி போன். 57-ஆம் நாள் பெற்றவள் வந்து வாங்கிக்கொண்டுவிட்டாள்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று நீ கேட்கமாட்டாய், ஆனால் நினைப்பாய். வந்தது. ஒரு முழு நாள் இருந்தது. 57 நாள் அவள் எப்படித் தூங்கியிருப்பாள் என்று யோசித்த பிறகு அந்தக் கோபம் நிலைக்கவில்லை. வருத்தம் வேறு கணக்கு, அது இருந்தது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். அம்மாவிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

அத்தை என்னை ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை நாலு மணிக்கு அடுக்களையில் சத்தம். அத்தைக்கு வலது கை மூட்டு வீங்கி வருஷக்கணக்காகிறது, அச்சைப் பிழிய முடியாது. அதனால் மகனை எழுப்பியிருக்கிறாள். கேட்டோ மேனரிலிருந்து வந்த பித்தளை அச்சு அது, மேலே திருகு வைத்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. ஆனால் 'சொய்' என்ற சத்தம் வரவில்லை. இவர் முனகுவது கேட்டது. "மா, வரமாட்டேங்குது." "இன்னும் நல்லா டர்ன் பண்ணு." "பண்ணறேனே!" பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம், அப்புறம் பேச்சே இல்லை.

எழுந்து போனேன். அச்சின் கைப்பிடி இரண்டாக இவர் கையில். மாவு வெள்ளை வெளேரென்று குழலுக்குள் கல் மாதிரி நிற்கிறது. விட்டால் வழிகிறது, அழுத்தினால் இறுகுகிறது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். அரிசி மாவே இல்லை. இங்கே மைசனா என்பார்களே, அந்தச் சோள மாவு. இரண்டு டப்பாவையும் பேர் எழுதாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நான்தான். ஆனாலும், "எந்த டப்பாவ எடுத்தீங்க? கண்ணு எங்க இருந்துச்சு?" என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினேன். இரண்டு வாரத்தில் அந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது. அத்தை ஒன்றும் நடக்காத மாதிரி அரிசி மாவு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

அன்றைக்கு அச்சு இல்லாமல் கையாலேயே சுற்றினோம். கைமுறுக்கு எனக்கு நன்றாக வரும் என்று பீற்றிக்கொள்ள ஆசை, வராது. எல்லாம் ஆளுக்கொரு கோணல். 19 பார்சல் போனது. நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

நீ இன்னொன்றும் கேட்டிருந்தாய். ஆல்பத்தில் என்னென்ன படம் வைப்பது என்று. பிள்ளையைக் கொடுக்கிற தாய் பார்ப்பதற்கு நம் குடும்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் செய்யச் சொல்கிறார்களே, அது. நான் முதலில் செய்ததில் எல்லாம் பட்டுப்புடவை, மாலை, குத்துவிளக்கு. சோஷியல் ஒர்க்கர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் எல்லோரும் நிற்கிறீர்களே, யாராவது எப்போதாவது உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?" என்றார். இப்போது அதில் அத்தை கோணல் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம் இருக்கிறது. பண்டிகையை விட்டுவிட்டால் இந்தப் படம் எங்கிருந்து வரும் சொல்லு.

உன் கடிதத்தில் உண்மையில் கனமான இடம் கடைசிப் பத்திதான், அதைத்தான் நீ இரண்டே வரியில் முடித்துவிட்டாய். 'எந்த இனமானாலும் சரி' என்று படிவத்தில் எழுதியதை மாமனார் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று. நாங்களும் அப்படித்தான் எழுதினோம். இந்த நாட்டில் தத்துக்கு இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். எங்களுக்கு வரப்போவது ஜூலு பிள்ளையாக இருக்கலாம் என்று தெரிந்துதான் எழுதினோம். இவருடைய பெரியம்மா ஒருத்தர் காதில் விழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளை காவடி எடுக்குமா?" இங்கே காவடி எடுக்கிற ஜூலுக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாயால் ஜெயிக்கிற விஷயமில்லை இது. அத்தைதான் சொன்னாள்: "உன் மகன் எடுத்தானா?" பெரியம்மா அதற்குமேல் பேசவில்லை.

தத்துக் கொடுக்கும்போது பிள்ளையின் மதம், பண்பாடு, நம்முடையது இரண்டையும் கோர்ட் பார்க்கவேண்டும் என்று 2005-ஆம் வருஷக் குழந்தைகள் சட்டமே சொல்கிறது. அதைப் படித்தபோது முதலில் எனக்குச் சுருக்கென்றது, எங்களைச் சந்தேகப்படுகிறார்களே என்று. இப்போது அப்படியில்லை. நம் பண்டிகையைப் பிள்ளைக்காகச் சட்டை மாதிரி தைத்து வைத்துவிட்டு, அளவு சரியாக இருக்கணும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய தப்பு. பிள்ளை தன் வழியையும் கொண்டுவரும், கொண்டுவராவிட்டால் நாம் தேடித் தரவேண்டும்.

எதிர்வீட்டு டீச்சரிடம் கேட்டேன். ஒருநாள் படையலுக்குச் சாம்பிராணி போட்டிருந்தேன், அவர் வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "உங்கள் வீட்டிலும் இம்பெபோ கொளுத்துகிறீர்களா?" என்றார். இம்பெபோ ஒரு காய்ந்த செடி. முன்னோரைக் கூப்பிடும்போது அவர்கள் அதைத்தான் கொளுத்துவார்கள். நாம் தாத்தாவுக்குப் பிடித்த ஆட்டுக்கறியும் ஒரு குவளை பிராந்தியும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்கிறோமே, அதை விளக்கிச் சொன்னேன். அவருக்கு அதில் ஒன்றுமே புதிதாகப் படவில்லை. பிராந்தி எந்தக் கம்பெனி என்றுதான் கேட்டார். பிறகு இம்பெலெகோ பற்றிச் சொன்னார். பிறந்த பிள்ளையை முன்னோருக்குக் காட்டி, ஆடு வெட்டிச் செய்கிற சடங்கு. தகப்பன் குலப்பேர் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "பிள்ளை வரட்டும். என் அம்மாவைக் கேட்கிறேன்" என்றார். போன வருஷப் படையலில் சாம்பிராணித் தட்டு ஓரத்தில் அவர் கொடுத்த இம்பெபோ ஒரு கொத்து இருந்தது. அத்தைதான் வைத்தாள். இரண்டு புகையும் கலந்து எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

டிசம்பர் பற்றிக் கேட்டாய். 16-ஆம் தேதிக்கு மேல் தத்து ஆபீஸில் யாரும் போன் எடுக்கமாட்டார்கள், நீயும் அடிக்காதே. கிறிஸ்துமஸ் அன்று எல்லோர் வீட்டிலும்போல எங்கள் வீட்டிலும் கோழி, இவர் கூட்டாளிகளோடு துனீ என்கிற சீட்டாட்டம். அவ்வளவுதான்.

ஆனால் ஜனவரிப் பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும். பின்கட்டில் மூன்று செங்கல் வைத்துப் பானை ஏற்றுவோம், வேர்த்துக் கொட்டும், கரும்புக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமில்லை. அந்தக் கரும்பை வெட்டத்தானே நம்மவர்களை 1860-இல் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அத்தை கரும்பைப் பூஜையில் வைப்பாளே தவிரக் கடிக்கமாட்டாள். அவள் தாத்தா கடித்ததே போதும் என்பாள்.

அதற்கு முன்னால் தீபாவளி. உன் வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் கட்டாயப்படுத்தவில்லை. முந்தின நாள் இங்கே வந்துவிடு, ஒரு மணி நேரப் பயணம்தான். அரிசி மாவு டப்பாவில் இப்போது பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன். உடைந்த அச்சுக்குப் பதில் இன்னும் வாங்கவில்லை, வருஷா வருஷம் இரவல்தான். உன்னிடம் தேங்குழல் அச்சு இருந்தால் கையோடு கொண்டு வா.

அக்கா