போயாவுக்கு ஒரு திட்டம்

பண்டாரவளை

அன்புள்ள சாந்தி,

நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மழை விட்டால் நடக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற பௌர்ணமிப் போயா லீவுக்கு மாமியார், நாத்தனார் குடும்பம், இவர், பிள்ளைகள் எல்லாரும் கதிர்காமம் போகிறார்கள். வேனில் இடம் போதாது என்றதும் "நான் நிற்கிறேன்" என்றேன். என் தியாகத்தை நினைத்து மாமியார் கண் கலங்கிவிட்டார். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் தனியாக ஹப்புத்தளைக்குப் போய் அடிசம் பங்களா தோட்டத்தில் உட்காரலாம் என்றிருந்தேன். துறவிகள் இருக்கிற மடம்தானே, அமைதியாக இருக்கும். ஆனால் போயாவன்று அங்கே பாதி நாடு அவர்கள் செய்கிற ஜேம் போத்தல் வாங்க நிற்கும். லிப்டன் சீட் மலை உச்சிக்கு என்றால் த்ரீவீல்காரர் வழி முழுக்கக் குடும்பக் கதை கேட்பார். ஆகவே வீடுதான்.

ரொட்டியும் கட்டச் சம்பலும் முதல்நாள் ராத்திரியே தயார். போனை ஓஃப் பண்ணி அரிசி வாளிக்குள் வைத்துவிடுவேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயோடு பின்பக்கப் படியில் உட்கார்வேன். முன்கதவுக்குப் பூட்டு! திறந்திருந்தால் அடுத்த வீட்டக்கா "ஐயோ, தனியாவா இருக்க?" என்று துணைக்கு வந்துவிடுவார். மத்தியானம் பனி இறங்கினதும் கம்பளிக்குள் புத்தகத்தோடு புகுந்துகொள்வேன்.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நடுச்சுவர் கூரை வரை எழும்பாதே, ஞாபகமிருக்கிறதா? கடைசிக் காம்பராவில் தாத்தா இருமினால் முதல் காம்பராவில் மல்லி கொதிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். விறகு பொறுக்கப் போகிற சாக்கில்தான் உனக்கும் எனக்கும் கொஞ்சம் தனிமை கிடைத்தது. இன்றைக்கும் நான் பேசாமல் இருந்தால் "என்ன கோபம்?" என்கிறார்கள். கோபமே இல்லையடி. நாள் முழுக்க வகுப்பில் கத்தி, ஸ்டாப் ரூமில் சிரித்து, வீட்டுக்கு வரும்போது எனக்குள் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. பத்தனை ஆசிரியர் கல்லூரியில் படித்தோமே, உளவியலாளர் யுங் 1921இலேயே மனிதரை அகமுகி (தனக்குள் ஒதுங்குகிறவர்), புறமுகி (வெளியே கலகலப்பானவர்) என்று பிரித்து எழுதிவிட்டாராம். மாமியாரிடம் யுங்கை எப்படி விளக்குவது?

ஒரு பயமும் இருக்கிறது. பத்து மணிக்கே பிள்ளைகளின் சத்தத்தைக் காது தேட ஆரம்பித்தால்? அப்படி நடந்தால் யாருக்கும் சொல்லமாட்டேன், உனக்கும்தான்.

நீ எப்போது ஊருக்கு வருகிறாய்? வந்தால் நாலு நாளாவது நில். அந்தப் போயாவுக்கு மட்டும் தயவுசெய்து வந்துவிடாதே.

அன்புடன்,
கலா