அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது? உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

உணவுப் பொருள்களுக்கும் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பசியை அடக்கி எடையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் மூலிகை மாத்திரை ஒன்றைப் பற்றி, என் அக்காவின் சார்பில் நான் கொடுத்த மனுவுக்கு இந்த வாரம் பதில் வந்தது. குறிப்பிட்ட பொருள் அந்த அலுவலகத்தின் வரம்பிற்குள் வராது என்பதே பதிலின் சாரம். புட்டியில் 14 இலக்க உணவு உரிம எண் இருப்பதால் அது உணவு என்கிறது மருந்துப் பிரிவு. மூலிகைச் சாறும் மாத்திரை வடிவமும் இருப்பதால் மருந்துப் பிரிவிடம் போகச் சொல்கிறது உணவுப் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன், இன்னொரு முறை கைமாற்றிவிட இடம் இருக்கக் கூடாது என்பதற்காக.

என் அக்கா பள்ளி ஆசிரியை. இரத்த அழுத்தத்திற்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுபவர். எடையைக் குறைக்கச் சொன்னவர் மருத்துவர்தான். எப்படிக் குறைப்பது என்பதைச் சொன்னது இரவு நேரத் தொலைக்காட்சி விளம்பரம். மாத்திரையை ஆரம்பித்த சில நாட்களிலேயே பசி முற்றாக நின்றுபோனது. நாக்கு வறண்டது, தூக்கம் போனது, ஒரு நாள் நள்ளிரவில் நெஞ்சு படபடக்க அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "இதில் என்ன இருக்கிறது?"

கைப்பேசி விளக்கை அடித்து அந்தப் புட்டியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை இலைப் படத்திற்குக் கீழே எறும்பு வரிசைபோல ஆங்கில எழுத்தில் கொடம்புளி, சிறுகுறிஞ்சான், பச்சைத் தேயிலை ஆகியவற்றின் தாவரப் பெயர்கள் இருந்தன. எதற்கும் தனித்தனியாக அளவு இல்லை. "பிரத்யேகக் கலவை, 500 மி.கி." என்ற பொருளில் மொத்தமாக ஒரு வரி மட்டுமே. தொகுதி எண் விரல் பட்டு அழிந்திருந்தது. எந்த மருந்தைக் கொடுத்தால் எது எதோடு மோதும் என்று தெரியாத நிலையில், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அக்காவும் விடியும் வரை கண் கொட்டாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் நலம்.

கலப்படம் என்று நான் குற்றம் சாட்டவில்லை. சோதித்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பசியை அடக்கும் சிபுட்ராமின் என்ற வேதிமருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, 2011-இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும், மூலிகை என்று முத்திரை குத்தி விற்கப்பட்ட மெலிவு மாத்திரைகளில் அதே சிபுட்ராமின் ஒளிந்திருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வாய் வறட்சியும், தூக்கமின்மையும், படபடப்பும் அந்த மருந்தின் அறியப்பட்ட விளைவுகள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெயரில் உள்ள மூலிகை மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கொடம்புளியின் அமிலத்தை 135 பேரிடம் 12 வாரம் சோதித்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அந்த அமிலத்தைச் சாப்பிட்டவர்கள் கூடுதலாக இளைக்கவில்லை. கொடம்புளிக்குப் பசியை அடக்கும் சக்தி இருந்திருந்தால், அதைப் போட்டுக் கொதிக்கும் மீன் குழம்பின் வாசனைக்கு நாஞ்சில் நாட்டில் யாரும் இரண்டாம் முறை சோறு கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே, வேலை செய்யாத பொருளால் பசி எப்படி அடியோடு நின்றது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

சட்டத்திற்குப் பஞ்சமில்லை. சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் மருந்து விதிகளின் 161-ஆம் விதிப்படி ஒவ்வொரு மூலிகையின் தாவரப் பெயரும், எந்தப் பாகம், எவ்வளவு என்பதும் அச்சிடப்பட வேண்டும். உடல் பருமனைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சை விளம்பரத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. உணவென்றால் தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 53-ஆம் பிரிவு உண்டு. விளம்பரத்தில் மருந்தாகவும், புட்டியில் உணவாகவும், புகார் வந்தால் இரண்டுமற்றதாகவும் இருக்கும் வித்தையை இந்த மாத்திரைக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018-இல் கொண்டுவந்த 170-ஆம் விதியை 2024-இல் மத்திய அரசே நீக்கியதைப் பார்த்தபோது, பசியை அடக்குவதற்கு முன்பு அதிகாரத்தை அடக்கும் மூலிகை ஒன்றை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே தோன்றியது.

கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். இந்த விளம்பரங்கள் குறிவைப்பது அவர்களைத்தான். உணவுப் பொட்டல விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்று விதி சொல்கிறது. விளம்பரம் மட்டும் அழகான தமிழில் வருகிறது.

வாங்கியவரே உணவு மாதிரியைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்வதைக் காட்டியபோது, எந்த வேதிப்பொருளைத் தேட வேண்டும் என்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அது தெரியாததால்தானே, ஐயா, உங்களிடம் வந்தேன்.

உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைத் தமிழில் புட்டியின் மேல் அச்சிடச் செய்யுங்கள். பசியை அடக்குவதாக விற்கப்படும் மாத்திரைகளில் தடை செய்யப்பட்ட வேதிமருந்துகள் உள்ளனவா என்று சோதித்து முடிவை வெளியிடுங்கள். உணவா, மருந்தா என்பதை உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு, எந்த அலுவலகம் மாதிரியைப் பெற்றுக்கொள்ளும் என்பதை மட்டும் தயவுகூர்ந்து எழுத்தில் தெரிவியுங்கள். மீதி மாத்திரைகளும் வாங்கிய ரசீதும் என்னிடம் பத்திரமாக உள்ளன. சொன்ன இடத்தில் மறுநாளே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
புட்டியை வாங்கியவரின் தங்கை