ஈரானுக்குப் போகும் தேயிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை ஈரானுக்குத் தேயிலை கொடுத்து எண்ணெய் வாங்குவதாக உங்கள் கட்டுரை சொல்கிறது. இப்போது எண்ணெய் எதுவும் வரவில்லை. 2012இல் வாங்கி எரித்து முடித்த எண்ணெயின் கடனைத்தான் கழிக்கிறோம். ஈரான் மீதான பொருளாதாரத் தடைகளால் வங்கி வழி அடைபட, நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனம் கட்ட முடியாமல் நின்ற தொகை 25.1 கோடி டொலர். 2021 டிசம்பர் உடன்பாட்டின்படி மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை போக வேண்டும். மறு ஆண்டே நாடு வங்குரோத்தானதால், ஏற்றுமதி தொடங்க 2023 ஆகிவிட்டது.

ஏற்றுமதியாளர் கொழும்பு ஏலத்தில் எடுத்து, கலந்து, பொதிசெய்து அனுப்புகிறார். அவருக்குரிய பணத்தைக் கூட்டுத்தாபனம் தேயிலைச் சபை வழியாக ரூபாயில் கொடுக்கிறது. ஈரானிய இறக்குமதியாளர் கட்டும் ரியால் அங்குள்ள எண்ணெய்க் கம்பனிக்குப் போகிறது. இதில் இடறும் இடம் ரூபாய்தான். ஏலத்தில் எடுத்த தேயிலைக்கு ஒரு வாரத்தில் பணம் கட்டியாக வேண்டும். கூட்டுத்தாபனம் இழுத்தடித்தால் ஏற்றுமதியாளரின் முதல் முடங்கி வட்டி ஏறும். போதாததற்கு, கையெழுத்திட்டபோது டொலர் சுமார் 200 ரூபாய், கடன் 5,020 கோடி ரூபாய். 2023 கடைசியில் டொலர் 320ஐத் தாண்ட, அதே கடன் 8,000 கோடிக்கு மேல்.

இந்த ஏற்றுமதியால் மலையகத் தொழிலாளருக்கு விடிவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஈரானியர் தேயிலையைச் சமோவாரின் சூட்டில் மெல்ல ஊறவிட்டு, கண்ணாடிக் குவளையில் நிறம் பார்த்து, சீனிக்கட்டியைப் பல்லில் கடித்தபடி குடிப்பவர்கள். அவர்கள் தேடுவது நீளமாக முறுக்கிய ஓ.பி., ஓ.பி.1 போன்ற இலைத் தரங்கள். அவை பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத் தாழ்நாட்டுத் தொழிற்சாலைகளில், சிறுதோட்டக்காரர் கொடுக்கும் கொழுந்தில் உருவாகின்றன. மலையகத்து நுவரெலியாவின் பி.ஓ.பி. என்ற உடைந்த இலைத் தரத்துக்குச் சந்தையே வேறு.

கட்டுரை கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஈரான் முன்பு காசு கொடுத்து வாங்கிய தேயிலையே இப்போது கடன் கணக்கில் போகிறதா, அதற்கு மேலதிகமாகப் போகிறதா? முன்னதானால் கடன் குறையும் அளவுக்கு அந்நியச் செலாவணி வரவும் குறையும். நாடுவாரி ஏற்றுமதி விபரத்தில் ஈரானுக்கு எதிரே கடன் கழிவுத் தேயிலைக்கென ஒரு தனி நிரல் போட்டால் விடை தெரிந்துவிடும். தேயிலைச் சபையிடம் உங்கள் நிருபர் அதைக் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தேயிலை வணிகத்தில் உள்ள வாசகர்,
கொழும்பு