கிளட்ச் வாங்கும் முன் ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இடது முழங்கால் வலி என்று படுத்தே கிடந்ததில் பதில் தள்ளிப் போய்விட்டது. அந்த வலிக்கும் நீ கேட்ட கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

"நாலாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது, வண்டி வேகம் ஏற மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு நான் உன்னிடம் போனில் புலம்பியதும் ஏறக்குறைய இதேதான். அப்போது நீ, "பெரிய கிளட்ச்சாகப் போடு, கதை முடிந்தது" என்றாய். போட்டேன். கதை முடியவில்லை. இப்போது நீ எந்தக் கிளட்ச் வாங்கலாம் என்று கேட்கிறாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே.

டியூனர் கொடுத்த தாளை எடுத்து வை. டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, வாங்கும்போது 250 நியூட்டன் மீட்டர், அவர் எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதிய ரீமேப்புக்குப் பிறகு 350. குதிரைத்திறன் கூடியதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், ஆனால் கிளட்ச்சுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது டார்க் மட்டும்தான். பிளேட்டின் உராய்வு, அதை எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் மேல் பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் பக்கங்கள் எத்தனை, இந்த நான்கையும் பெருக்கினால் அது எவ்வளவு தாங்கும் என்பது வந்துவிடும். ஒரு பேச்சுக்கு உராய்வு 0.3, அழுத்தம் 5,500 நியூட்டன், ஆரம் 10 சென்டிமீட்டர், பக்கம் இரண்டு என்று வைத்துக்கொள். 330 வருகிறது. 250-க்கு இது தாராளம். 350-க்குக் கொஞ்சம் போதாது, பிளேட் பிடிக்காமல் வழுக்கும். அந்தக் கொஞ்சம்தான் உன் டர்போ எஞ்சினுக்குள் காற்றை முழுதாக ஊதத் தொடங்கும் 2,500 ஆர்பிஎம்மில், அதுவும் பெரிய கியரில், வெளியே தெரிகிறது. சின்னக் கியரில் வண்டி விறுவிறுவென்று ஓடி அந்த உச்சத்தைக் கண் இமைப்பதற்குள் தாண்டிவிடும். நாலாவதில் எஞ்சின் அங்கேயே நின்று முட்டுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று தினம் மிதித்துப் பார்க்காதே. 330 நியூட்டன் மீட்டர் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 500 ஆர்பிஎம் வித்தியாசம் இருந்தால், சுமார் 17 கிலோவாட் வெப்பம் அந்தத் தட்டின் மேல் இறங்குகிறது. பதினேழு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே தட்டில் கவிழ்த்து வைத்தது போல. பிளேட் பளபளவென்று கண்ணாடியாகிவிடும், ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் விழும், அப்புறம் அந்தக் கருகல் வாடை. ஒரு முறை பார்த்தாய், தெரிந்துவிட்டது, போதும்.

உன் மெக்கானிக் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு, எஞ்சின் அணைந்ததும் "கிளட்ச் நன்றாக இருக்கிறது" என்றாராமே. தேய்ந்தே போன பிளேட்டைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனை உதவும், தப்பில்லை. ஆனால் ஐடிலிங்கில் ஓடும் எஞ்சின் கொடுக்கும் டார்க் எவ்வளவு? அதைப் பிடிக்கத் தெரிந்த கிளட்ச், 350-ஐயும் பிடிக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். வழுக்கியது, ரீமேப் செய்திருந்தேன், ஆகவே கிளட்ச் சின்னது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பந்தய வண்டிகளில் போடுவார்களே, வட்டத்துக்குப் பதில் ஆறு துண்டாகச் செராமிக் ஒட்டிய பிளேட், நடுவில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்கே இல்லாதது, அதை வாங்கினேன். கூடவே கனமான பிரஷர் பிளேட், அதிர்வை விழுங்கும் இரட்டைத் துண்டு ஃபிளைவீலை (டூயல் மாஸ்) கழற்றிவிட்டு ஒற்றை ஃபிளைவீல். முதல் நாள் பெருமைக்கு அளவில்லை. இரண்டாம் நாள் நெரிசலில் மாட்டினேன். பாதி பிடிப்பது என்ற பேச்சே அதற்குக் கிடையாது. ஸ்விட்ச் மாதிரி ஒன்று பிடிக்கும், இல்லை விடும். ஒவ்வொரு முறையும் வண்டி முயல் போலக் குதித்தது. நியூட்ரலில் நின்றால் கியர்பாக்ஸுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய சத்தம். பெடலோ, உடற்பயிற்சிக் கூடத்துக் கருவி போல அவ்வளவு கனம். என் முழங்கால் வலி அன்று பிறந்ததுதான்.

இத்தனையும் பட்டு மூன்றே மாதத்தில் அதுவும் வழுக்கியது.

மறுபடி கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே எண்ணெய். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்கம் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் கசிந்து ஃபிளைவீல் மேல் தெறித்திருக்கிறது. மூலையில் கிடந்த பழைய பிளேட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ரிவெட்டுக்கு மேலே பாதிக்கும் அதிகமான தடிமன் மிச்சம் இருந்தது, ஓரத்தில் எண்ணெய் குடித்த கறுப்பு. அதாவது முதல் தடவையும் குற்றவாளி இந்த சீல்தான். கியர்பாக்ஸ் இறங்கியிருந்த அன்று டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பட்டறைக்காரரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. சீல் கசிந்ததற்கும் காரணம் இருந்தது. டர்போ அழுத்தத்தைக் கூட்டியதால் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவும் கூடியது. அதை வெளியே விடவேண்டிய வால்வு அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத அழுத்தம் சீலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. சில நூறில் முடிய வேண்டிய வேலைக்குப் பெரிய தொகையைக் கொட்டிவிட்டு நின்றேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வா. இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "காலையில் எடுக்கும்போது ஒழுங்காக இருக்கிறது, அரை மணி நேரம் சும்மா ஓட்டினாலே வழுக்க ஆரம்பிக்கிறது, பெடலும் மேலே வந்துதான் பிடிக்கிறது." அதற்கு முந்தின பக்கத்தில், பெடல் உனக்கு வசதியான இடத்தில் பிடிக்கவேண்டும் என்று பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடை, அதாவது அதைத் தள்ளும் கம்பியை, நீயே திருகியதாக எழுதியிருக்கிறாய். இந்த இரண்டையும் நீ சேர்த்துப் பார்க்கவே இல்லை. நான் மூன்று முறை படித்தேன்.

மிதித்து ஓட்டி வழுக்கிச் சூடானால் பிளேட்டின் பிடி தளரும், அது வேறு. சும்மா ஓட்டியதற்குப் பிளேட் ஏன் சூடாக வேண்டும்? எனக்குச் சந்தேகம் ஹைட்ராலிக்கில், அதாவது பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் அமைப்பில். பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வரவேண்டும். அப்போதுதான் திரவத் தொட்டிக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். புஷ் ராடை நீளமாக்கிவிட்டால் பிஸ்டன் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வராமல் நின்றுவிடும், துளை மூடியே இருக்கும். எஞ்சின் சூட்டில் குழாயில் உள்ள திரவம் விரிகிறது, திரும்பிப் போக வழியில்லை, கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. நீ கால் வைக்காமலே யாரோ கிளட்ச்சைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டிருப்பது போல ஆகிவிடுகிறது. நீ புதிதாக மாட்டிய பெரிய டவுன்பைப், டர்போவிலிருந்து புகை போகும் குழாய், அந்தக் குழாயை ஒட்டிப் போகிறதா என்றும் பார். வெப்பத் தடுப்பு இல்லாமல் மாட்டியிருந்தால் சூடு இன்னும் சீக்கிரம் ஏறும்.

சோதிப்பது எளிது. வண்டி சூடாகி வழுக்கத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்து. பெடலை யாரும் தொடக்கூடாது. ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் பிளீடு நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, கால் சுற்று மட்டும் திருகித் திற. திரவம் பீய்ச்சிக்கொண்டு வந்தால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கிடக்கிறது என்று அர்த்தம். மூடிவிட்டு மறுபடி ஓட்டும்போது வழுக்கல் போயிருந்தால் ஆள் பிடிபட்டுவிட்டான். பெடல் மேலே இருக்கும்போது புஷ் ராடில் துளியாவது ஆட்டம் இருக்கும்படி மாற்றிவிட்டுக் குழாயில் உள்ள காற்றை எடு. அந்தத் திரவம் பெயின்ட்டைத் தின்றுவிடும், கையில் துணி வைத்துக்கொள். சூடான டவுன்பைப் பக்கத்தில் கை போகவேண்டியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதே.

அதுவும் இல்லையென்றால், அல்லது இதற்குள் பிளேட் கருகியிருந்தால், கிளட்ச் வாங்கத்தான் வேண்டும். அப்போதும் நான் வாங்கிய ஜாதி வேண்டாம். முழு வட்ட ஆர்கானிக் பிளேட், அதாவது செராமிக் இல்லாத சாதாரண வகை, நடுவில் ஸ்பிரிங் உள்ளது, பிரஷர் பிளேட் மட்டும் ஒரு படி கனம். தினம் ஓட்டும் வண்டிக்கு அதுதான். 350-க்கு அது போதும். நாளைக்கு 500 வேண்டும் என்று உனக்குப் பித்துப் பிடித்தால் இரட்டைப் பிளேட் பக்கம் போ. உராயும் பக்கம் நாலாகிவிடுவதால் பெடலைக் கல்லாக்காமலே தாங்கும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது பின் சீல், பிரஷர் பிளேட்டைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடு. ஃபிளைவீல் முகத்தைச் சீர்செய்யச் சொல், அதன் போல்ட்டுகள் முறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை என்றால் பழசைத் திரும்பப் போடவிடாதே. புது பிரஷர் பிளேட்டில் துரு பிடிக்காமல் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைக்காமல் மாட்டி, "புது கிளட்ச்சும் வழுக்குகிறது" என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதே. மாட்டிய பிறகு 800 கிலோமீட்டராவது நின்று நின்று, மெதுவாக ஓட்டு. உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அதுவரைக்கும் டியூனரிடம் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை 300-க்குள் கட்டிவைக்கச் சொல். பெரிய கியரில் கீழிருந்து மிதிக்காமல், ஒரு கியர் இறக்கிவிட்டு மிதி.

என் பக்கத்துச் செய்தி என்னவென்றால், மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். என் வண்டியைக் கேட்டாள், சாவியைக் கொடுத்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் நாலு முறை அணைந்தது. இறங்கி வந்து, "அப்பா, இதை வண்டி என்று யார் சொன்னது?" என்றாள். அடுத்த மாதம் ஆர்கானிக் பிளேட்டுக்கு நானும் திரும்புகிறேன். டாக்டரும் அதையேதான் சொன்னார், வேறு வார்த்தைகளில்.

நிப்பிளைத் திறந்ததும் என்ன வந்தது என்று உடனே எழுது. சொட்டியதா, பீய்ச்சியதா, அது மட்டும் போதும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி