போர்டு போகவில்லை: ஆடியோ ஜாக் பழுதுக்குத் தவறான அறிக்கை தந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
கேசட் பதிவுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் கடை,
மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கணினிப் பராமரிப்பு நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள கணினியின் ஆடியோ ஜாக் பழுதுக்குத் தவறான காரணம் எழுதிக் கொடுத்தது, கட்டணத்தைத் திருப்பித் தரவும் அறிக்கையைத் திருத்தவும் கோருதல்.

பார்வை: உங்கள் டெக்னீஷியன் கையெழுத்திட்ட இரண்டு சர்வீஸ் சீட்டுகள் (நகல்கள் இணைத்துள்ளேன்).

மதிப்பிற்குரிய ஐயா,

என் கடைக் கணினியின் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை, நன்றாக இருக்கிறது. அதில் சத்தம் வருகிறது, பதிவும் ஆகிறது. ஆனால் உங்கள் நிறுவனம் கொடுத்த சர்வீஸ் சீட்டில், "ஆடியோ செக்‌ஷன் பழுது. போர்டு மாற்ற வேண்டும். இந்த மாடல் போர்டு கிடைக்காது. புது சிஸ்டம் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. இது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசினால் முதல் வாக்கியத்திலேயே "என்ன மாடல் மேடம்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் "அது ரொம்பப் பழசு மேடம்" என்று முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுத்தில்.

பழசு என்பது எனக்கும் தெரியும். இன்டெல் எச்61 சிப்செட் போர்டு, ரியல்டெக் ஒலிச் சிப். 2012-இல் வாங்கியது. அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் முதுகில் இருக்கும் மூன்று ஓட்டைகள்: ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு, லைன் இன்னுக்கு (டெக் போன்ற வெளிச் சாதனத்தின் ஒலியை உள்ளே வாங்க) நீலம். என் தொழில் அந்த நீல ஓட்டையில்தான் நடக்கிறது. கேசட் டெக்கின் சிவப்பு, வெள்ளைப் பின்களிலிருந்து ஒரு ஒயர், மறுமுனையில் 3.5 மி.மீ. பின், அது நேராக நீலத்தில். இடது, வலது இரண்டு சேனலும் தனித்தனியாகப் பதிவாகும். இன்றைய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான். அதில் மைக் பக்கம் ஒற்றைச் சேனல். ஸ்டீரியோ கேசட்டை அதில் ஏற்ற முடியாது. உங்கள் ஆட்கள் "லேப்டாப் வாங்கிடுங்க அக்கா" என்று சொல்லும்போதெல்லாம் இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

இனி நடந்தது. கணினிப் பெட்டியான கேபினெட்டின் பவர் பட்டன் உடைந்து உள்ளே போய்விட்டது. பட்டன் மட்டும் கிடைக்காது என்றார்கள். சரி என்று புது கேபினெட்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பணம் கட்டினேன். உங்கள் டெக்னீஷியன் வந்து மாற்றினார். கூடவே, நான் கேட்காமலேயே, "விண்டோஸையும் புதுசாப் போட்டு விட்டுர்றேன் அக்கா, வேகமா இருக்கும்" என்று அதையும் செய்தார். அவர் கிளம்பிய பிறகு ஸ்பீக்கரைப் பச்சையில் செருகினால் சத்தமே இல்லை. முன்பக்க ஜாக்கில் ஹெட்போன் போட்டால் கரகரவென்று ஒரு இரைச்சல். நீல ஓட்டையோ கணினியின் ஒலிப்பதிவுச் சாதனப் பட்டியலிலேயே இல்லை. காலையில் வேலை செய்து கொண்டிருந்தது, கேபினெட் மாற்றியதும் நின்றுவிட்டது என்பதை மட்டும் யோசித்திருந்தாலே எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

மறுபடி வந்த அதே டெக்னீஷியன் வால்யூமை ஏற்றி இறக்கினார், ரீஸ்டார்ட் செய்தார், தன் இயர்போனைச் செருகிப் பார்த்தார். பக்கவாட்டு மூடியின் திருகைக்கூடத் தொடவில்லை. "போர்டுல ஆடியோ போச்சு" என்று முடிவு சொல்லிவிட்டு, புது கணினிக்கான கொட்டேஷனைப் பையிலிருந்து எடுத்தார். போர்டு ஆய்வுக் கட்டணம் என்று ரூ. 750 வாங்கிக்கொண்டார். திறக்காத பெட்டிக்குள் இருக்கும் போர்டை எப்படி ஆய்வு செய்தார் என்பதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். "அதுவரைக்கும் இதை வச்சுச் சமாளிங்க" என்று ரூ. 650-க்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டையும் விற்றார்.

அந்த யுஎஸ்பி கார்டு செய்த வேலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹெட்போனில் பாட்டு கேட்பவருக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் உள்ளே வாங்கும் ஓட்டை மைக்குக்கானது, லைன் இன் கிடையாது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் சிக்னல், அதற்குத் தகுந்தபடி உள்ளே பெருக்குகிறார்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து வருவது கால் வோல்ட், அரை வோல்ட். அதைக் கொண்டுபோய் மைக் ஓட்டையில் கொடுத்தால் சத்தம் கூடுகிற இடமெல்லாம் உடைந்து நொறுங்கும். போதாததற்கு ஒற்றைச் சேனல் வேறு. அந்தச் சமயத்தில் என்னிடம் இருந்தது ஒரு கல்யாண நாதஸ்வரக் கச்சேரி. இரண்டு மைக் வைத்துப் பதிந்தது, ஒரு பக்கம் நாதஸ்வரம் தூக்கலாக, மறுபக்கம் தவில் தூக்கலாக. உங்கள் கார்டில் இடது சேனல் மட்டும் ஏறியது. தனி ஆவர்த்தனத்தில் தவில் எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பது போலக் கேட்டது, நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடமெல்லாம் கிழிந்தது. மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்பப் பதிய வேண்டியதாயிற்று. பழைய கேசட்டை ஒவ்வொரு முறை ஓட்டுவதும் ஆபத்து. நாடாவின் பூச்சு உதிரும், அழுத்தும் பஞ்சு கழன்றுகொள்ளும், ஒட்டு விட்டுப்போகும். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த பொருளை உங்கள் தவறால் கூடுதலாக ஓட்ட வேண்டி வந்தது.

கடைசியில் பழுதைக் கண்டுபிடித்தவர் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர். டெக்கின் பெல்ட் மாற்ற வந்தவர், கணினியின் கதையைக் கேட்டுவிட்டு முதலில் மூடியைக் கழற்றினார். முன்பக்க ஜாக்குகளிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் பச்சையிலேயே இருந்தது. கணினியை ஓட்டியதும் சத்தம் வந்துவிட்டது. அவ்வளவுதான். போர்டு போயிருந்தால் அது எப்படி வரும்?

காரணத்தையும் காட்டினார். புது கேபினெட்டின் முன்பக்க ஒயர் நுனியில் இரண்டு பிளக்குகள் இருக்கின்றன. ஒன்றில் "ஏசி 97" என்றும் இன்னொன்றில் "எச்டி ஆடியோ" என்றும் அச்சிட்டிருக்கிறது. இரண்டிலும் பத்துப் பின்னுக்கான இடம், எட்டாவது மட்டும் அடைத்திருக்கும். அதனால் எதை வேண்டுமானாலும் போர்டில் செருகலாம், தடையில்லாமல் உட்காரும். ஏசி 97 என்பது 1997-இல் வந்த இன்டெல் ஒலி முறை. எச்டி ஆடியோ 2004-இல் வந்தது. என் போர்டு இரண்டாவது வகை. உங்கள் டெக்னீஷியன் செருகியது முதல் வகை.

பழைய முறையில் பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியே முன்பக்க ஜாக்கைச் சுற்றிக்கொண்டுதான் திரும்பி வரும். ஆறாவது, பத்தாவது பின்கள் அந்தத் திரும்பும் வழிக்கானவை. புதிய முறையில் அதே ஆறும் பத்தும், ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று போர்டுக்குத் தகவல் சொல்லும் பின்கள். தவறான பிளக்கைப் போட்டதால் தகவல் போக வேண்டிய பின்னில் ஒலி ஒயர் வந்து சேர்ந்தது. முன்பக்கத்தில் ஹெட்போன் எப்போதும் செருகியே இருப்பதாக எடுத்துக்கொண்டு பின்பக்கப் பச்சையை போர்டு ஊமையாக்கிவிட்டது. ஹெட்போன் போட்டால் ஸ்பீக்கர் தானாக நிற்பது அதன் வழக்கமான வேலைதானே, அதைத்தான் செய்தது. அண்ணன் எச்டி ஆடியோ பிளக்கை எடுத்துச் செருகினார். முன்னாலும் பின்னாலும் சத்தம் வந்தது, கரகரப்பும் போயிற்று. ஒருவேளை கேபினெட்டில் ஏசி 97 பிளக் மட்டுமே இருந்தாலும் வழி உண்டாம்: கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் முன்பக்க ஆடியோ வகையை மாற்றலாம், அல்லது ரியல்டெக் ஆடியோ மேனேஜரில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்திவிடலாம். இதற்காக உலகில் யாரும் போர்டு மாற்றுவதில்லை.

நீல ஓட்டை காணாமல் போனது தனிக் கதை. விண்டோஸைப் புதிதாகப் போட்டவர், ஒலிச் சிப்பை இயக்கும் மென்பொருளான ரியல்டெக் டிரைவரைப் போடவில்லை. விண்டோஸ் தன்னிடம் இருந்த பொதுவான ஆடியோ டிரைவரை எடுத்துக்கொண்டது. லைன் இன் முடங்கிய நிலையில் கிடந்தது. முடங்கிய சாதனங்களைப் பதிவுப் பட்டியலில் விண்டோஸ் காட்டாமல் விட்டுவிடும். அந்தப் பட்டியலில் வலது கிளிக் செய்து, அவற்றையும் காட்டு என்று ஒரு டிக் போட்டால் தெரியும்.   போர்டு தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டு, லைன் இன்னை இயக்கியதும் எல்லாம் பழையபடி ஆனது. அண்ணன் இதற்கு ரூ. 300 வாங்கிக்கொண்டார், ரசீதும் கொடுத்தார்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் கிளை மேலாளர் வேறு பக்கம் தாவினார். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்தக் கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, எப்படியும் மாற்றித்தானே ஆக வேண்டும் என்றார். அவர் சொன்ன தகவல் சரி. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை புராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள், என்னிடம் இரண்டும் இல்லை. ஆனால் நான் புகார் கொடுத்தது சத்தம் வரவில்லை என்று. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பதிவுக்கு மட்டும் பயன்படும் இந்தக் கணினியில் இணையம் கிடையாது. எப்போது மாற்றுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பாதுகாப்புக் காரணத்துக்காக மாற்றச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இல்லாத பழுதை எழுதி மாற்றச் சொல்லாதீர்கள்.

வந்த தம்பியைக் குறை சொல்லி அவர் வேலைக்கு உலை வைப்பது என் நோக்கமில்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் பையில் ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் கொட்டேஷன் வெளியே வந்தது. பழுது பார்க்கப் போகிறவரிடம் விற்பனை இலக்கும் கொடுத்து அனுப்பினால் பழுது எப்படித் தெரியும்? ஜாக் பழுது என்றால் வேறு ஹெட்போனில் பார்ப்பது, எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது, டிரைவர் எது என்று பார்ப்பது, முன்பக்க ஒயரைக் கழற்றிப் பார்ப்பது, இதெல்லாம் காசு செலவில்லாத வேலைகள். விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவில் கணினியை ஓட்டிப் பார்த்தால் கோளாறு விண்டோஸில் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். இத்தனைக்கும் பிறகுதான் போர்டு என்ற பேச்சே வர வேண்டும். என்னிடம் அண்ணன் ஒருவர் வந்தார். மற்ற வாடிக்கையாளர்கள் உங்கள் சீட்டை நம்பி நல்ல கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

நான் கேட்பது இவ்வளவுதான். ஆய்வுக் கட்டணம் ரூ. 750, யுஎஸ்பி கார்டு ரூ. 650, வெளியில் பழுது பார்த்த செலவு ரூ. 300, ஆக ரூ. 1,700-ஐத் திருப்பித் தர வேண்டும். யுஎஸ்பி கார்டை உறையோடு திருப்பி அனுப்பத் தயார். அடுத்ததுதான் எனக்கு முக்கியம்: போர்டு பழுது என்று எழுதிய சர்வீஸ் சீட்டை ரத்து செய்து, முன்பக்க ஆடியோ பிளக் தவறாகச் செருகப்பட்டிருந்தது, டிரைவர் போடப்படவில்லை, போர்டு நல்ல நிலையில் உள்ளது என்று திருத்திய சீட்டு வேண்டும். பழுதான போர்டு உள்ள கணினிக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று உங்கள் கிளையில் இப்போதே சொல்கிறார்கள். அந்தச் சீட்டு உங்கள் பதிவேட்டில் இருக்கும்வரை நாளைக்கு ரேம் போனாலும் போர்டுதான் காரணம் என்பீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இந்தத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணமும் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அண்ணன் பிளக்கை மாற்றுவதற்கு முன்பு ஏசி 97 பிளக் போர்டில் செருகியிருந்த நிலையில் எடுத்த படங்கள், இரண்டு சர்வீஸ் சீட்டுகள், மூன்று ரசீதுகள், புது கணினிக்கான கொட்டேஷன் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலங்கள் என்னிடம் உள்ளன.

பதில் சொல்ல ஆள் அனுப்புவதாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். கடை காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். கொட்டேஷன் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
மதுரை.