எண்ணெய் ஊற்றுமுன் ஒரு கரண்டி மொண்டு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கியதும் டெங்குத் தடுப்புக்கு வீடு வீடாக ஆட்கள் வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் என் வீட்டுப் பின்கட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

மாட்டுக்கொட்டகையைப் பிரித்த இடத்தில் சின்னக் குளம் ஒன்று வெட்டினேன். 8 அடி நீளம், 5 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழம். வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு ஓட்டில் இறங்கும் மழைத்தண்ணீரை அதில் விட்டேன். கரையைச் செங்குத்தாகச் சிமெண்டு பூசியது என் புத்திகெட்ட வேலை. தண்ணீர் குடிக்க இறங்கிய அணில் ஏற வழியில்லாமல் செத்து மிதந்தது. அன்றைக்கே ஒரு பக்கத்தை இடித்துச் சரிவாக்கி, உடைந்த நாட்டு ஓடுகளைப் பரப்பினேன். இப்போது தவிட்டுக்குருவிகள் அந்த ஓட்டில் நின்றுதான் குளிக்கின்றன. ஏழெட்டுதான் வரும், சத்தமோ சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியது போல இருக்கும்.

அல்லியும் நீர்ப்பிரம்மியும் வைத்தேன். மீன் விடவில்லை. கொசுவுக்கென்று கொடுக்கிற கம்பூசியா மீன், தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். கொசுப்புழுவைத் தின்னத் தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சுகளே போதும். வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டால் தெரியும்: பழுப்பாக, ஆறு காலோடு அடியில் பதுங்கிக் கிடக்கும், புழு பக்கத்தில் நெளிந்தால் கீழ்த்தாடையைச் சட்டென்று நீட்டிக் கவ்வும். பாம்பு வரும் என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. வந்தது, தண்ணீர்ப்பாம்பு. ஒரு தவளையோடு போய்விட்டது.

போன ஐப்பசியில் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம், கொசு ஒழிப்புக்கு வந்தவர் குளத்தில் கழிவு எண்ணெயை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் தலைப்பிரட்டைகள் வயிறு தெரிய மிதந்தன. எல்லாவற்றையும் இறைத்து, கழுவி, மறுபடி நிரப்பினேன். பத்தாம் நாள் அதில் கொசுப்புழு! தின்ன ஆள் இல்லையே.

முகப்பில் பூந்தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. டெங்குக் கொசு வளர அந்தத் தட்டுத் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் போதும்.

வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கும் மாவட்டம் இது. எண்ணெய்க் குப்பியைத் திறக்குமுன் ஒரு கரண்டி தண்ணீர் மொண்டு பார்க்கக் கூடாதா? தலைப்பிரட்டையோ தட்டான் குஞ்சோ இருந்தால் விட்டுவிடுங்கள். வெறும் கொசுப்புழுவாக இருந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.