அந்த பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடு

அன்புள்ள இளங்கோ,

நான் அனுப்பிய புகைப்படப் புத்தகம் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தாய். கூடவே, "பிரிக்கலம்மா, அப்படியே பத்திரமா வச்சிருக்கேன்" என்றும் எழுதியிருந்தாய். அந்தப் 'பத்திரமா'வைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடு. இன்றைக்கே.

ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன், இது உன் அப்பாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு போட்டோபுக் வாங்கினேன். தடித்த அட்டை, அதன்மேல் இறுக்கமான பிளாஸ்டிக் உறை. அப்போது எனக்கும் உன் வியாதிதான். உறை பிரிக்காத படிக்குத்தான் மதிப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். ஆறு வருஷம் அங்கேயே இருந்தது. ஒருநாள் ஆசை தாங்காமல் பிரித்தேன். 80ஆம் பக்கம் முடிந்து 81 வர வேண்டிய இடத்தில் மறுபடியும் 65 வந்தது. திரும்பவும் 80 வரைக்கும் போய், அங்கிருந்து 97க்குத் தாவியது.

புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக அச்சடிப்பதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெரிய தாளின் இரண்டு புறமும் எட்டெட்டுப் பக்கங்களாக அச்சடித்து மடித்தால் 16 பக்கம். அச்சகத்தில் அதை ஃபாரம் என்பார்கள். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். என் படியை அடுக்கியவர் கை தவறி ஒரே ஃபாரத்தை இரண்டு தடவை வைத்து, அடுத்ததை விட்டுவிட்டார். பதிப்பகத்துக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள்: அந்தப் பதிப்பு தீர்ந்து நான்கு வருஷம் ஆகிறது, மாற்றித் தரப் படி இல்லை. வாங்கிய வாரமே பிரித்துப் பார்த்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். போதாக்குறைக்கு அட்டையும் வளைந்திருந்தது. அந்த உறை சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற வகை. நாள்பட்டால் அட்டையைக் கவ்வி வளைத்துவிடும். ஆறு வருஷமாக நான் பாதுகாத்தது, பதினாறு பக்கம் இல்லாத ஒரு வளைந்த புத்தகத்தை.

அப்புறம், "இது முதல் பதிப்பா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், முதல் பதிப்புதான். அதற்காக நான் வாங்கவில்லை. முதல் பதிப்பு என்றால் உயர்ந்தது என்று எல்லாரும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க்கின் 'தி அமெரிக்கன்ஸ்' நம் வீட்டில் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள். அமெரிக்கா முழுக்க சுற்றி 767 ரோல் ஃபிலிம் எடுத்தார், 27,000 படங்களுக்கு மேல். அதிலிருந்து 83 படங்கள்தான் புத்தகத்தில் வந்தன. முதலில் வெளியிட்டது ராபர்ட் தெல்பீர், பாரிஸில், 1958இல். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவைப் பற்றி யார் யாரோ எழுதியதெல்லாம் அச்சாகியிருந்தது. அட்டையில்கூட ஃபிராங்க்கின் படம் இல்லை, ஸ்டெயின்பெர்க் என்ற ஓவியரின் கோட்டோவியம். அடுத்த வருஷம் நியூயார்க்கில் குரோவ் பிரஸ் போட்டபோதுதான் அந்த எழுத்தெல்லாம் போனது. எழுத்தாளர் ஜாக் கெரவாக் ஒரு முன்னுரை எழுதினார், இடப்பக்கம் ஏறக்குறைய வெறுமையானது, வலப்பக்கத்தில் ஒரே ஒரு படம். இன்றைக்கு நாம் அறிந்த 'தி அமெரிக்கன்ஸ்' அந்த இரண்டாவது புத்தகம். அந்த வெள்ளைப் பக்கம் இல்லாவிட்டால் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போக மூச்சே கிடைக்காது. நம்மிடம் இருப்பது 2008இல் ஸ்டெய்டல் பதிப்பகம் போட்டது, ஃபிராங்க்கே கூட இருந்து சரிபார்த்தது. ஏலக்காரர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நான் எத்தனை தடவை புரட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மேலுறை ஓரத்தில் கிழிந்திருப்பது உன் கைவரிசை, உனக்கு அப்போது ஒன்பது வயது. ஒட்டவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

சரி, நீ வாங்கிய புகைப்பட பிரிண்டுக்கு வருகிறேன். 7/15, அதாவது பதினைந்தில் ஏழாவது பிரிண்ட், என்று பென்சிலில் எழுதியிருப்பதை மட்டும் தனியாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். முழுப்படம் எப்படி இருக்கும் என்று இதுவரை நீ எனக்குக் காட்டவே இல்லை, கவனித்தாயா?

அந்த 15 எதற்கு 15 என்று விற்றவரிடம் கேட்டாயா? அந்த ஒரு அளவுக்கு மட்டும் 15 என்றால், அதே படம் வேறு இரண்டு அளவுகளில் பத்துப் பத்தாக இருக்கலாம். அவை போகக் கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்கிற ஏபி படிகளும் உண்டு, அவை இந்தக் கணக்கில் வராது. இதிலெல்லாம் ஏமாற்று இல்லை, வழக்கம்தான். ஆனால் கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். என்ன காகிதம், என்ன முறையில் அச்சிட்டது, எந்த வருஷம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி வை. இங்க்ஜெட் பிக்மென்ட் பிரிண்டா, பழைய முறையில் இருட்டறையில் போட்ட ஜெலட்டின் சில்வரா என்பது உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வைத்துக் காப்பாற்றுகிற விதமே மாறும். 7 என்பதில் ஒன்றும் இல்லை. செப்புத் தகட்டில் ஓவியம் அச்சிட்ட காலத்தில் தகடு தேயத் தேயக் கோடு மங்கும், அதனால் முதல் சில படிகளுக்கு மவுசு இருந்தது. ஃபைலிலிருந்து அச்சிடும்போது முதலாவதும் ஒன்றுதான், பதினைந்தாவதும் ஒன்றுதான்.

புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் மேல் போட்ட வழக்கு உனக்குத் தெரியுமா? மெம்ஃபிஸில் 1970 வாக்கில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளைத் தரை மட்டத்திலிருந்து எடுத்தாரே, அதுவும் அதில் உண்டு. அந்தப் படத்தை டை டிரான்ஸ்ஃபர் என்கிற பழைய வண்ண அச்சு முறையில், 20 பிரிண்ட் மட்டும் கொண்ட எடிஷனாக விற்றிருந்தார். 2012 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய 36 படங்கள் பெரிய அளவில், டிஜிட்டல் முறையில் அச்சிட்டு விற்கப்பட்டன. மொத்தம் சுமார் 59 லட்சம் டாலர். சைக்கிளும் அதில் ஒன்று. பழைய எடிஷனை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார்: நீங்கள் மறுபடி மறுபடி அச்சிட்டால் என் பிரிண்ட் எப்படி அரிய பிரிண்ட்? 2013இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. வேறு அளவு, வேறு முறை என்றால் வேறு எடிஷன், அதைத் தடுக்க சட்டத்தில் இடமில்லை என்று ஆகிவிட்டது. நான் யார் பக்கம் என்று கேட்டால், எகிள்ஸ்டன் பக்கம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சேகரிப்பாளரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. அவர் சுவரில் தொங்கிய சைக்கிள் மாறவில்லை. பழைய டை டிரான்ஸ்ஃபருக்கு உண்டான அந்த அடர்த்தியான நிறம் இனிமேல் யாருக்கும் லேசில் கிடைக்காது.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட் ரூஷே என்ற அமெரிக்கக் கலைஞர் 1963இல் 'ட்வென்ட்டிசிக்ஸ் கேஸலின் ஸ்டேஷன்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தலைப்பு சொல்வதுதான் உள்ளே, 26 பெட்ரோல் நிலையங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு ஒரு படி அனுப்ப, அவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். மனிதர் அதையே விளம்பரமாகப் பத்திரிகையில் போட்டார்! முதல் அச்சு 400 படிகள், ஒவ்வொன்றிலும் எண் இட்டிருந்தார். பிற்பாடு ஒரு பேட்டியில், எண் இட்டது தன் தவறு, அரிய புத்தகம் செய்வது தன் நோக்கமே இல்லை என்று சொன்னார். அடுத்த அச்சுகளில் எண் கிடையாது. இப்போது அந்த எண்ணிட்ட படியை வைத்திருப்பவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பட்டியல் பார்த்து வாங்காதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் பார், ஜெரி பேட்ஜர் இருவரும் 2004இல் போட்டோபுக் வரலாற்றின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். அருமையான வேலை, நான் அதில்தான் பாதி கற்றேன். ஆனால் அதற்கப்புறம் பழைய புத்தகம் விற்கிறவர்கள் "பார்-பேட்ஜரில் இடம்பெற்றது" என்று ஒரு வரி சேர்த்து விலையை ஏற்றிவிட்டார்கள். மார்ட்டின் பார் தன்னிடம் இருந்ததை என்ன செய்தார் தெரியுமா? 12,000 புத்தகங்கள், 2017இல் டேட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, வேண்டுபவர்கள் பார்க்கட்டும் என்று.

பத்திரிகைகளை மட்டும் எறிந்துவிடாதே. போன தடவை வந்தபோது என் பழைய இதழ்க் கட்டைப் பார்த்து "இதெல்லாம் எதுக்கும்மா" என்றாய். ஜப்பானில் பலருடைய நல்ல வேலை முதலில் இதழில்தான் வந்தது. ஃபுகாசே என்ற புகைப்படக்காரரின் காகப் படங்கள் 1976இலிருந்து 'கேமரா மைனிச்சி' இதழில் தொடராக வந்து, 1986இல்தான் புத்தகமானது. 'ப்ரோவோக்' என்ற புகைப்படப் பத்திரிகை மூன்றே இதழ்கள், 1968-69இல். அந்த மூன்றை வைத்து இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதழை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, அதனால்தான் கிடைப்பதில்லை.

பராமரிப்பு பற்றி ஒரே ஒரு சங்கதி. பிரிண்டை பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதே. நான் போட்டேன், நாலைந்து வருஷத்தில் ஒரு பிரிண்டின் மேற்பரப்பு உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அமிலமில்லாத காகிதம், இல்லாவிட்டால் பாலியெஸ்டர் உறை. பிரேம் போட்டால் நடுவில் மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டை கொடுத்து, படம் கண்ணாடியைத் தொடாமல் போடச் சொல். வெயில் விழாத சுவரில் மாட்டு. ஆனால் மாட்டு! நீ அதைக் குழாயில் சுருட்டியே வைத்திருப்பதாக உன் அப்பா சொன்னார். புத்தகத்துக்கு வெள்ளைக் கையுறை வேண்டாம், பக்கத்தின் ஓரம் கைக்குப் பிடிபடாமல் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும்.

நீ அனுப்பிய பட்டியல் படிவத்தைப் பார்த்தேன். வாங்கிய விலை, இன்றைய விலை, நிலை என்று மூன்று கட்டம். இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்கிறாய், நியாயம்தான், நிரப்பித் தருகிறேன். நான்காவதாக ஒரு கட்டம் நானே போட்டுக்கொண்டேன், "ஏன் வாங்கினேன்" என்று. முப்பது புத்தகம் வரைக்கும் எழுதியாகிவிட்டது. சிலதற்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் எழுத வரவில்லை. அதையெல்லாம் விற்கலாம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

புகைப்படக்காரர் தயாநிதா சிங்கின் 'மியூசியம் பவன்' மட்டும் உனக்கு. எழுதியே வைத்துவிட்டேன். ஒரு பெட்டிக்குள் ஒன்பது சின்னப் புத்தகங்கள், விசிறி மடிப்பாக மடித்தவை. மேசையில் விரித்து நிறுத்தினால் வீட்டிலேயே கண்காட்சி. எந்த ஒன்றை எதன் பக்கத்தில் நிறுத்துகிறாயோ அதைப் பொறுத்துப் படங்கள் வேறு விதமாகப் பேசும். போன மாதம் சாப்பாட்டு மேசை முழுக்க நிறுத்தி வைத்திருந்தேன். உன் அப்பா மூன்று நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் நாள் "இரண்டாவதையும் ஐந்தாவதையும் இடம் மாத்திப் பாரேன்" என்றார். மாற்றினேன். அவர் சொன்னது சரி.

இப்போது உனக்கு அனுப்பியது ஒரு இளம் புகைப்படக்காரரின் முதல் புத்தகம். தானே அச்சிட்டிருக்கிறார், 500 படிகள். இரண்டு வாங்கினேன், ஒன்று எனக்கு. கத்தரிக்கோல் வேண்டாம், அட்டையில் கீறிவிடும். உறையின் பின்பக்க மடிப்பில் நகத்தால் கீறினாலே பிரிந்துவிடும். முதல் தடவை நடுவில் திறந்து அழுத்தாதே, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சமாகத் திறந்து முதுகைப் பழக்கு. 48ஆம் பக்கத்தில் ஒரு மடிப்புத் தாள் இருக்கிறது, கீழிருந்து பிடித்து விரி. நான் அதற்கு மேல் போகாமல் அன்றைக்கு மூடி வைத்துவிட்டேன்.

பக்க எண்களை மட்டும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடு. ஏதாவது ஃபாரம் விட்டுப்போயிருந்தால் உடனே சொல், அவரிடம் இன்னும் கொஞ்சம் படிகள் இருக்கின்றனவாம்.

அன்புடன்,
அம்மா